தங்க நிறத் துப்பாக்கி: முதல் மாடல் கன் வாங்குபவருக்கு

கேள்வி இது: "வேலைக்காக டோக்கியோ வந்து சில மாதங்கள் ஆகின்றன. உயெனோவில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் தங்க நிற ரிவால்வர் ஒன்றைப் பார்த்தேன். முழுக்க உலோகம், கேப் வைத்து வெடிக்கலாம் என்றார்கள். சின்ன வயதில் தீபாவளிக்குச் சுருள் கேப் வெடித்ததோடு சரி. முதலில் எதை வாங்குவது? இந்தத் தங்க நிறம் பிடிக்கவில்லை, கறுப்பு அடித்துக்கொள்ளலாமா? ஊருக்குப் போகும்போது கொண்டுபோக முடியுமா?"

கேட்டது மூன்று கேள்விகள். ஆனால் மூன்றுக்கும் முன்னால் நீங்களே பதில் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது: இதை வெடிக்க வாங்குகிறீர்களா, கையில் வைத்து இயக்கிப் பார்க்க வாங்குகிறீர்களா? இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்கள் ஏமாந்துபோவது பெரும்பாலும் இதைத் தீர்மானிக்காததால்தான். வெடிப்பது ஒரு நிமிட வேலை. வெடித்த துப்பாக்கியைப் பிரித்துக் கழுவி உலர்த்திப் பூட்டுவது ஒரு மாலை வேலை. அந்த மாலை வேலை பிடிக்கும் என்றால் வெடிக்கிற வகையை வாங்குங்கள். பிடிக்காது என்றால், டம்மி தோட்டாவோடு வரும் வெடிக்காத வகையே உங்களுக்குப் பல ஆண்டுகள் சந்தோஷம் தரும். இரண்டுமே நல்ல பொழுதுபோக்குதான்.

என் தொழில் டை காஸ்டிங், அதாவது துத்தநாகக் கலவையை உருக்கி அச்சுக்குள் அழுத்தி வார்க்கிற வேலை. உலோக மாடல் கன்களின் உடல் அதே கலவைதான் என்பதால் இந்தப் பக்கம் ஈர்க்கப்பட்டேன். பிறகு பழைய துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுது பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஆகவே உலோகம், விரிசல், துரு, சுத்தம் பற்றி நான் சொல்வதை நம்பி நடக்கலாம். சட்டம் பற்றி நான் சொல்வது, இதை வாங்குகிற எவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டும். நான் வழக்கறிஞர் அல்ல. சந்தேகத்துக்கு இடமான பழைய பொருள் கையில் வந்தால் விஷயம் தெரிந்த கடைக்காரரிடமும் தேவைப்பட்டால் காவல்துறையிடமும் கேட்டுவிடுங்கள்.

முதலில் பொருள் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஜப்பானில் மாடல் கன் என்று சொல்லப்படுவது குண்டு எதையும் வெளியே தள்ளாத துப்பாக்கி. ஏர்சாஃப்ட் வேறு, அது காற்றாலோ வாயுவாலோ பிளாஸ்டிக் குண்டைச் சுடும். ஐரோப்பாவில் விற்கும் 9 மி.மீ. பிளாங்க் துப்பாக்கிகள் இன்னும் வேறு. அவற்றில் நிஜ வெடிமருந்து நிரப்பிய வெற்றுத் தோட்டா போடப்படுகிறது, குழல் முனையருகே ஆள் இருந்தால் உயிரே போகலாம். மாடல் கன் இயங்குவது பொம்மைக் கேப்பில். தோட்டாவுக்குள் ஒரு சின்னக் கேப்பை வைத்து ஏற்றுகிறோம். ஹேமர், அதாவது பின்னால் இருக்கும் அடிசுத்தியல், விழுந்ததும் அது வெடிக்கிறது. தானியங்கி வகைகளில் அந்த வாயுவின் அழுத்தமே ஸ்லைடை, அதாவது நகரும் மேற்பகுதியை, பின்னால் தள்ளி, காலித் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததை ஏற்றுகிறது. சாதாரணக் குடிமகன் கைத்துப்பாக்கி வைத்திருக்க வழியே இல்லாத நாட்டில், ஒரு துப்பாக்கியின் உறுப்புகள் ஒன்றையொன்று எப்படி நகர்த்துகின்றன என்று கையால் உணர்ந்து அறிய இதுதான் வழி. ஜப்பானியர்கள் இதில் காட்டிய அக்கறையும் நுணுக்கமும் வேறெங்கும் நான் காணாதவை.

தங்க நிறத்துக்கு வருகிறேன். அது அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சட்டம். 1960களின் தொடக்கத்தில் தொலைக்காட்சியில் அமெரிக்கக் கௌபாய் தொடர்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே துப்பாக்கி மோகம் கிளம்பியது. முதலில் வெளிநாட்டுப் பொம்மைகள் வந்தன. விரைவிலேயே எம்ஜிசி போன்ற உள்ளூர் நிறுவனங்கள் உலோகத்தில் வார்க்கத் தொடங்கின. உயெனோவின் அமெயோகோ சந்தைதான் அந்த வியாபாரத்தின் மையம். நீங்கள் தங்க ரிவால்வரைப் பார்த்தது அதே வட்டாரத்தில்தான். அன்றைய மாடல்கள் கறுப்பு நிறம், எடையும் தோற்றமும் அசல் போலவே. கொள்ளைக்காரன் கையில் இருந்தால் எதிரில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. 1970 மார்ச் 31ல் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றைக் கடத்தியவர்கள் காட்டி மிரட்டிய ஆயுதங்கள் போலிகள் என்று பிறகுதான் தெரிந்தது. 1971ல் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. உலோகக் கைத்துப்பாக்கி மாடல் என்றால் குழல் அடைக்கப்பட்டிருக்க வேண்டும், கைப்பிடி நீங்கலாக மேற்பரப்பு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்க வேண்டும் என்று விதி வந்தது. தங்க முலாம் மஞ்சள் கணக்கில் சேர்கிறது. கடையில் நீங்கள் பார்த்த பளபளப்பு அந்த விதியிலிருந்து வந்தது.

1977ல் இன்னொரு திருத்தம் வந்தது. மாடலை நிஜத் துப்பாக்கியாக மாற்றும் குற்றங்கள் நடந்ததால், மாற்ற முடியாதபடி பொருளையும் அமைப்பையும் கட்டுப்படுத்தினார்கள். உலோகத்தின் கடினம் பிரினெல் அளவில் 91ஐத் தாண்டக் கூடாது. குழலுக்குள் கடினமான எஃகுத் துண்டைச் சேர்த்து வார்க்க வேண்டும். நிஜத் தோட்டா நுழைய இடமே இருக்கக் கூடாது. தயாரிப்பாளர் சங்கம் இந்த விதிகளுக்கு உட்பட்டவற்றில் எஸ்எம்ஜி என்ற முத்திரையைப் பதித்தது. பழைய பொருள்களைப் பற்றிப் பேசும்போது இங்கே எல்லோரும் ஷோவா பேரரசரின் ஆட்சியாண்டுக் கணக்கில் "46 விதி", "52 விதி" என்பார்கள். 46 என்றால் 1971, 52 என்றால் 1977. கடையில் இந்த எண்கள் காதில் விழும், நினைவில் வையுங்கள்.

எனவே கறுப்பு அடிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் உறுதியானது: கூடாது. உலோகக் கைத்துப்பாக்கி மாடலின் தங்க நிறத்தைச் சுரண்டிக் கறுப்பாக்கினால், அந்த நிமிடமே அது வைத்திருப்பதே குற்றமான பொருளாகிவிடுகிறது. விற்றால்தான் குற்றம், வெளியே கொண்டுபோனால்தான் குற்றம் என்று சிலர் சொல்வார்கள். கைத்துப்பாக்கி விஷயத்தில் அது தவறு. வேலை விசாவில் இருக்கும் ஒருவர் இந்த விபரீதத்தில் மாட்டவே கூடாது. அதே காரணத்தால், ஏலத் தளங்களிலோ தெரிந்தவர் வீட்டுப் பரணிலோ 1971க்கு முந்தைய கறுப்பு உலோகக் கைத்துப்பாக்கி கிடைத்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள்.

கறுப்புதான் வேண்டும் என்றால் நேர்வழிகள் இரண்டு உண்டு. நிற விதி உலோகக் கைத்துப்பாக்கிகளுக்குத்தான். பிளாஸ்டிக் மாடல்கள் கறுப்பாக இருக்கலாம். உலோகத் தூளைக் கலந்த ஹெவிவெயிட் பிளாஸ்டிக் என்று ஒன்று உண்டு. கையில் நல்ல கனம் இருக்கும், மேற்பரப்பை மெருகேற்றி நீலக்கறுப்புச் சாயம் ஏற்றினால் எஃகு போலவே தெரியும். டனாகா, ஹார்ட்ஃபோர்ட் போன்ற பெயர்களில் வரும் ரிவால்வர்களில் பெரும்பகுதி இந்த வகை. இரண்டாவது வழி, நீளத் துப்பாக்கிகள். அவை உலோகமாகவே கறுப்பு நிறத்தில் வருகின்றன; மருஷின் நிறுவனம் வெளியிட்ட எம்பி40 என்ற ஜெர்மானியச் சப்மெஷின் கன் மாடல் நல்ல உதாரணம். ஆனால் நீளத் துப்பாக்கி விலை அதிகம், இடம் அதிகம், சத்தமும் அதிகம். முதல் பொருளாக நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி உலோகம். இந்தத் துப்பாக்கிகளின் உடல் துத்தநாகக் கலவை. அதில் 4 சதவீதம் போல அலுமினியம் இருக்கும். 380 டிகிரி செல்சியஸ் சுற்றிலேயே உருகிவிடும், அச்சின் நுண்ணிய எழுத்தைக்கூட அப்படியே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் குழலில் பொறித்த சின்ன எழுத்துகள் அத்தனை கூர்மையாக இருக்கின்றன. எடையும் உண்டு. ஆனால் எஃகின் குணம் இதற்குக் கிடையாது. எஃகு வளையும், இது வளையாமல் உடையும். மெல்லிய பகுதியில் திரும்பத் திரும்ப அடி விழுந்தால் மயிரிழை விரிசல் ஆரம்பித்து ஒரு நாள் இரண்டாகப் பிளந்துவிடும். திருகின் மரை இதில் வெட்டப்பட்டிருப்பதால் கொஞ்சம் அழுத்தி முறுக்கினாலும் மரை அழிந்துவிடும், பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. உள்ளே ஸ்பிரிங், ஊசி, சில நெம்புகோல்கள் மட்டும் எஃகு. அந்தக் கடின எஃகு இந்த மென்மையான உலோகத்தை ஒவ்வொரு இயக்கத்திலும் கொஞ்சம் தின்கிறது. வாங்குவது, பயன்படுத்துவது, பராமரிப்பது எல்லாவற்றுக்கும் இந்த ஒரு குணமே அடிப்படை.

இப்போது எதை வாங்குவது. முதல் துப்பாக்கி ரிவால்வராக இருக்கட்டும். தானியங்கி வகைகளில் கேப்பின் முழு வேகமும் ஸ்லைடையோ போல்ட்டையோ பின்னால் எறிந்து நிறுத்துகிறது. அந்த மோதலைத் துத்தநாகம் தாங்க வேண்டும். பத்துத் தோட்டா வெடிப்பதற்குள் ஒன்றாவது சிக்கும், புதியவருக்குக் காரணம் புரியாது, இழுத்துப் பிடுங்குவார், உடைப்பார். ரிவால்வரில் வெடிப்பின் வேகம் எதையும் நகர்த்த வேண்டியதில்லை. கையால்தான் எல்லாம் நகர்கிறது. ஒரு கேப் வெடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். சுத்தம் செய்யவும் எளிது.

ரிவால்வரிலும் இரண்டு குடும்பங்கள். ஒன்று 1873ல் அறிமுகமான கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி. ஹேமரைக் கட்டைவிரலால் இழுக்கும்போது நான்கு சொடுக்கு கேட்கும். பாதியில் நிறுத்தி, பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகத் தோட்டா போட வேண்டும். எடுப்பதும் குச்சியால் ஒவ்வொன்றாகத்தான். உள்ளே இருப்பது மிகக் குறைந்த உறுப்புகள். படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரித்தால் ஒரே உட்காரலில் முழு இயக்கமும் புரிந்துவிடும். மற்றொன்று, தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பாணி. டிரிகரை இழுத்தாலே சுழன்று வெடிக்கும், ஆறு தோட்டாவும் ஒரே தள்ளலில் வெளியே வரும். வசதி அதிகம், உள்ளே சிக்கலும் அதிகம். என்னைக் கேட்டால் முதல் குடும்பம். பழைய வடிவமைப்பு என்பதால் மட்டும் சொல்லவில்லை. எந்த உறுப்பு எதைச் செய்கிறது என்பதை மறைக்காமல் காட்டுகிற பொறி அது.

லூகர் பி08 என்ற ஜெர்மானியத் தானியங்கிக் கைத்துப்பாக்கி மேல் ஆசை வருவது இயல்பு. முழங்கால் போல மடிகிற அதன் மேற்பகுதியை உலோகத்தில் இயக்கிப் பார்ப்பது தனி அனுபவம். மருஷின் அதையும் மௌசர் எம்712ஐயும் உலோகத்தில் வெளியிட்டது. நாமே பொருத்துகிற கிட் வடிவத்திலும் வந்தன. இரண்டாவது பொருளாக அவை அருமை. வாங்கினாலும் அதிகம் வெடிக்காமல் இயக்கிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். கிட் வாங்குபவருக்கு ஒரு சொல்: வார்ப்பில் அச்சு சேர்ந்த கோட்டில் மெல்லிய பிசிறு இருக்கும். அதை நுண்ணிய அரத்தால் எடுக்காமல் பூட்டினால் உறுப்பு இறுக்கமாக நகரும், இறுக்கத்தைக் கைபலத்தால் சரிசெய்யப் பார்ப்போம், அங்கே விரிசல் விழும். அரத்தை மேற்பரப்பில் படவிடாதீர்கள். முலாம் போனால் அடிஉலோகம் சாம்பல் நிறத்தில் தெரியும், முன்னே சொன்ன நிற விதியும் உங்களைத் தொடும்.

புதிது கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. எம்ஜிசி, ஹட்சன், கொக்குசாய் எல்லாம் நின்றுபோன பெயர்கள். அதனால் பழையதைப் பார்க்கத்தான் வேண்டியிருக்கும். கடையில் பார்க்கும்போது முதலில் எஸ்எம்ஜி முத்திரையைத் தேடுங்கள். அடுத்து, நல்ல வெளிச்சத்தில் ஹேமர் விழும் இடம், ஃபிரேமின் (உடற்சட்டத்தின்) மெல்லிய மேற்பட்டை, திருகுத் துளைகளின் ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். விரிசல் இங்கேதான் பிறக்கும். தங்கத்தின் மேல் கொப்புளம் போலச் சிறு மேடுகள் இருந்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். வார்ப்பின் உள்ளே இருக்கும் நுண்துளைகளுக்குள் ஈரமும் அமிலமும் போய், உள்ளே உப்பு வளர்ந்து முலாமைத் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து இல்லை. திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் முன்பு வைத்திருந்தவர் பொருந்தாத ஸ்குரூடிரைவரால் திறந்திருக்கிறார். உள்ளே வேறென்ன செய்தார் என்று தெரியாது. சிலிண்டரைச் சுற்றி மோதிரம் போல ஒரு கோடு இருப்பது மட்டும் பெரிய குறை இல்லை. பாதி இழுத்த ஹேமரை அப்படியே இறக்கியதால் விழும் கோடு அது. முழுக்க இழுத்துப் பிறகு கட்டைவிரலால் தாங்கி இறக்கினால் உங்கள் துப்பாக்கியில் அந்தக் கோடு விழாது. பழைய பொம்மைகளில் துத்தநாகம் தானே விரிசல் விட்டு நொறுங்குவதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஈயம் போன்ற அசுத்தம் கலந்த துத்தநாகத்துக்கு வரும் நோய் அது. அதைத் தவிர்க்கத்தான் நியூ ஜெர்சி சிங்க் நிறுவனம் 1929ல் மிகத் தூய துத்தநாகத்தில் ஸமாக் கலவையைக் கொண்டுவந்தது. ஜப்பானிய மாடல் கன்களில் நான் கண்ட முறிவுகள் பெரும்பாலும் அடியால் வந்தவை, நோயால் வந்தவை அல்ல. எனினும் ஐம்பது ஆண்டு பழைய வார்ப்பு ஒவ்வொன்றுக்கும் நான் உத்தரவாதம் தர முடியாது.

கேப்புக்கு வருவோம். இங்கே பரவலாகக் கிடைப்பது பிளாஸ்டிக் கிண்ணத்தில் அடைத்த 7 மி.மீ. கேப், சில தோட்டாக்களுக்கு 5 மி.மீ. உங்கள் தோட்டாவுக்கு எது என்பதைக் கையேடு சொல்லும். அளவு மாறினால் ஒன்று வெடிக்காது, இல்லையென்றால் வாயு தப்பான வழியில் கசியும். மிகப் பழைய மாடல்கள் காகிதக் கேப்புக்காகச் செய்யப்பட்டவை. நம் ஊர்ப் பொட்டுக் கேப்பும் சுருள் கேப்பும் பார்க்க அதே இனம்தான். ஆனால் அவற்றை இந்தத் தோட்டாவுக்குள் மடித்துத் திணிக்கக் கூடாது. மருந்தின் அளவு தெரியாது, அடைப்பு சரியாக இருக்காது. இரண்டு கேப்பைச் சேர்த்து வைத்தால் சத்தம் அதிகம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் வைத்த கேப் உங்கள் துத்தநாகத்தைத்தான் உடைக்கும். கேப்பை அதன் பெட்டியிலேயே வையுங்கள். பேன்ட் பையில் உதிரியாகப் போட்டால் ஒன்றோடொன்று உரசி மொத்தமும் பற்றும். தொடை வெந்துபோகும் விபத்து அப்படி நடப்பதுதான். கண்ணாடிக் குப்பியில் கொட்டி வைப்பது அதைவிட மோசம். கேப்பைப் பிரித்து மருந்தை எடுக்க நினைக்கவே வேண்டாம். பட்டுத் துணியால்கூடத் தொடக் கூடாத அளவுக்கு உரசலுக்குக் கூசும் மருந்து அது.

தோட்டாவில் கேப் வைப்பதில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபாடு உண்டு. சிலவற்றைத் திருகித் திறந்து உள்ளே வைக்க வேண்டும், சிலவற்றில் முன்பக்கம் செருக வேண்டும். கேப்பின் திறந்த வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுகூட மாறும். இதில் ஊகம் வேண்டாம், கையேட்டின் படத்தைப் பார்த்துச் செய்யுங்கள். கேப்பைத் தள்ள அதற்கென்றே விற்கும் கருவியைப் பயன்படுத்துங்கள், உலோகக் கம்பியால் குத்தாதீர்கள். தோட்டா உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். போன முறை போட்ட எண்ணெய் மிச்சமிருந்தால் கேப் நமத்துப்போகும். முதல் தடவை ஒரே ஒரு தோட்டா மட்டும் ஏற்றி வெடித்துப் பாருங்கள்.

கண்ணாடி அணியுங்கள், காதுக்கு அடைப்பான் வையுங்கள். குழல் அடைக்கப்பட்டிருப்பதால் முன்னால் எதுவும் வராது என்பது உண்மை, ஆனால் வாயு எங்காவது போகத்தான் வேண்டும். ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் சூடாகப் பீச்சும், கேப்பின் பிளாஸ்டிக் துணுக்கும் கூடவே வரும். அதனால் இடது கை விரல்கள் அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. அறைக்குள் சத்தம் சுவரில் பட்டு இரட்டிப்பாகக் கேட்கும். பொம்மை என்ற நினைப்பில் ஒருவர் முகத்தருகே வைத்து டிரிகரை அழுத்துவதை நான் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. கேப் வெடிக்கவில்லை என்றால் அரை நிமிடம் ஆளில்லாத திசையில் பிடித்திருந்துவிட்டுத் திறவுங்கள். வெடித்து முடித்ததும் ஏற்றிய தோட்டா எதையும் அப்படியே உள்ளே வைத்து மூடாதீர்கள். சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் வகை என்றால் திரைப்படத்தில் வருவது போல மணிக்கட்டை உதறி மூடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை இரண்டு மூன்று உதறலிலேயே கோணிவிடும்.

சுத்தம் செய்வதைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் துப்பாக்கி வாழ்வதும் சாவதும் இங்கேதான். கேப்பில் இருப்பது குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரஸும். எரிந்த பிறகு மிஞ்சுவது உப்பும் அமிலத் தன்மையுள்ள பாஸ்பரஸ் சேர்மங்களும். இவை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரமே அமிலக் கரைசலாகி எஃகு ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும், பித்தளைத் தோட்டாவைப் பச்சையாக்கும், துத்தநாகத்தின் மேல் வெள்ளைப் பூப் பூக்க வைக்கும். ஜூன், ஜூலையில் ஜப்பானில் மழைக்காலம்; அந்த ஈரப்பதத்தில் ஒரே இரவில் ஸ்பிரிங் செம்மை ஏறுவதைப் பார்க்கலாம். "நாளைக்குச் செய்யலாம்" என்பது இதில் கிடையாது. வெடித்த அன்றே கழுவ வேண்டும்.

கழுவ வேண்டியது எண்ணெயால் அல்ல, தண்ணீரால். புதியவர்கள் இதைக் கேட்டதும் தயங்குவார்கள். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெயை ஊற்றினால் உப்புக்கு மேல் ஒரு போர்வை போட்ட மாதிரிதான், உள்ளே அரிப்பு தொடரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் மென்மையான திரவம் சில துளி விட்டு, தோட்டாக்களை முழுக்கப் பிரித்து ஊறப் போடுங்கள். சிலிண்டரைக் கழற்றி, பழைய டூத்பிரஷ்ஷால் ஒவ்வொரு அறையையும் தேயுங்கள். ஃபிரேமில் ஹேமர் முகப்பையும் அதன் எதிர்ச்சுவரையும் மறக்காதீர்கள், கரி அதிகம் ஒட்டுவது அங்கே. நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். துடைத்து, ஹேர் டிரையரால் சந்துபொந்தெல்லாம் உலர்த்துங்கள். கை தாங்கும் சூடு போதும். முழுக்க உலர்ந்தது உறுதியான பிறகே எண்ணெய். எஃகு உறுப்புகளுக்கு ஒரு துளி போதும். தோட்டாவுக்குள் ரப்பர் வளையம் இருந்தால் சிலிக்கோன் எண்ணெய் மட்டும். சில கனிம எண்ணெய்கள் ரப்பரை ஊதிப் பெருக்கிவிடும். ஒவ்வொரு தடவையும் முழுத் துப்பாக்கியையும் திருகு திருகாகப் பிரிக்க வேண்டியதில்லை. அடிக்கடி திறந்தால் மரைதான் தேயும். சிலிண்டரையும் தோட்டாவையும் தவறாமல் செய்யுங்கள், உள்பொறியை எப்போதாவது திறந்தால் போதும்; திறக்கும்போது திருகுத் தலையின் பள்ளத்தில் அசையாமல் உட்காரும் முனையையே எடுங்கள்.

தங்க முலாம் மிக மெல்லியது. உலோகம் தேய்க்கும் பாலிஷ் எதையும் அதன் மேல் போடாதீர்கள். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் கூடாது. மென்மையான துணி, கைரேகை போக ஒரு மெல்லிய துடைப்பு, அவ்வளவுதான். கை வியர்வை அதிகம் உள்ளவர் பருத்தி உறை அணிந்து எடுக்கலாம்.

எங்கே வெடிப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. டோக்கியோ அடுக்குமாடியின் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது கேப் சத்தம் என்று தெரியாது. அவர் காவல்துறையைக் கூப்பிட்டால் தப்பு அவருடையது அல்ல. பூங்காவிலோ ஆற்றங்கரையிலோ எடுத்து நீட்டுவது அதைவிடத் தவறு. தங்க நிறமாக இருந்தாலும் தூரத்தில் வெயிலில் பார்ப்பவருக்குத் துப்பாக்கிதான். வெளியே கொண்டுபோகத் தேவை இருந்தால் பெட்டிக்குள், பைக்குள், வெளியில் தெரியாமல், கேப் தனியாக. நடுவழியில் எங்கும் திறந்து காட்டக் கூடாது. இந்தப் பொழுதுபோக்கைச் சட்டம் இன்னும் விட்டுவைத்திருப்பது, இதில் இருப்பவர்கள் பொதுவிடத்தில் அடக்கமாக இருப்பதால்தான்.

கடைசிக் கேள்வி, ஊருக்குக் கொண்டுபோவது. கேப்பை விமானத்தில் கொண்டுபோகவே முடியாது, கைப்பையிலும் சரி, கொடுத்தனுப்பும் பெட்டியிலும் சரி. அது வெடிபொருள் கணக்கு. துப்பாக்கியைக் கைப்பையில் வைக்கக் கூடாது. பாதுகாப்புச் சோதனையில் அச்சு அசல் துப்பாக்கி உருவம் திரையில் தெரியும். பெட்டியில் வைத்தாலும் சென்னையில் சுங்கத்துறை என்ன முடிவெடுக்கும் என்பதற்கு முன்கூட்டியே எழுத்தில் பதில் வாங்காமல் கிளம்பாதீர்கள், விமான நிறுவனத்திடமும் தனியாகக் கேளுங்கள். வழியில் சிங்கப்பூரில் இறங்கித் தங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்; அங்கே பொம்மைத் துப்பாக்கிக்கே காவல்துறை அனுமதி கேட்பார்கள். பிரிட்டனில் 2006ம் ஆண்டுச் சட்டம் நிஜம் போலத் தோன்றும் போலிகளின் இறக்குமதியையும் விற்பனையையும் தடுக்கிறது. அமெரிக்காவில் 1988ல் வந்த சட்டப்படி பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு அடையாளம் வேண்டும். ஜப்பானிய முத்திரையும் தங்க நிறமும் ஜப்பானுக்குள் மட்டுமே செல்லுபடியாகும்.

என் யோசனை, கொண்டுபோகாதீர்கள். வாங்கும்போதே பெட்டி, கையேடு, எல்லாத் தோட்டாக்கள், ரசீது இவற்றை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். கழுவிப் பராமரித்த உலோக ரிவால்வர் பெட்டியோடு இருந்தால் உயெனோவிலும் அகிஹபாராவிலும் பழையதை வாங்கும் கடைகள் நல்ல விலை கொடுக்கின்றன. திரும்புவதற்கு ஒரு மாதம் முன்பாகவே விசாரித்தால் அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுக்க வேண்டி வராது. மிச்சமிருக்கும் கேப்பைக் குப்பையில் அப்படியே போடாமல், தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, உங்கள் பகுதி நகராட்சி பட்டாசுக் கழிவுக்கு என்ன முறை சொல்கிறதோ அதன்படி கொடுத்துவிடுங்கள்.